கண்டக்டர் கத்துறது ஏன் நமக்கு விளங்குது?

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்குப் போற பிள்ளைகள் இங்கிலீசுக்கு எப்பிடித் தயாராகணும் எண்டு ரேடியோவில கதைக்கக் கூப்பிட்டிரிக்காங்க, எட்டு நிமிசம் தந்திரிக்காங்க, முப்பது வருசமா இதையே கிளாஸ்ல கத்துறவனுக்கு எட்டு நிமிசம் எந்த மூலைக்கு எண்டு நீங்களே சொல்லுங்க. சரி.

மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்டில நிக்கிறதா நினைச்சுக்கொள்ளுங்க. கல்முனைப் பஸ் கண்டக்டர் கத்துறார், காத்தாங்குடிஆரப்பத்தகளுவாஞ்சிக்குடிகல்லாறுகல்முனகல்முன, ஒரே மூச்சு. நமக்கு விளங்குது. காது கெட்டித்தனம் இல்ல அது, அந்த றோட்டு நமக்குப் பாடம், எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் வரும் எண்டு தெரியும், அவர் பாதியை விழுங்கினாலும் மிச்சத்த நாமளே போட்டுக்கொள்றம். இப்ப ஒரு வெள்ளைக்காரன், அவன்ட ஊரில புத்தகம் வெச்சு ரெண்டு வருசம் தமிழ் படிச்சவன், அதே இடத்தில நிக்கிறான். எழுத்தெல்லாம் தெரியும், இலக்கணம் நம்மள விடத் தெரியும், ஆனா ஏறவேண்டிய பஸ்ஸ விட்டுப்போட்டு நிப்பான்.

நம்மட பிள்ளைகள் முதல் கிழமை லெக்சர் ஹோலுக்குள்ள இரிக்கிறது அந்த வெள்ளைக்காரன்ட நிலைமையிலதான். ஐயெல்ட்ஸ் எண்ட இங்கிலீஷ் சோதனையில ஆறரை எடுத்துத்தான் போயிரிப்பாங்க, அது வேற.

1814ல வில்லியம் ஓல்ட் பாதிரியார் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கினவர், இருநூறு வருசத்துக்கு மேல இஞ்ச இங்கிலீஷ் படிப்பிக்கிறம். ஆனா நம்மட வகுப்பில இங்கிலீஷ் எண்டா இன்னமும் கரும்பலகையில இரிக்கிற சாமான்தான், காதுக்குள்ள போற சாமான் இல்ல. நானும் அப்பிடித்தான் படிப்பிச்சவன், ஒத்துக்கொள்றன்.

ஐயெல்ட்ஸ் எடுக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும், லிசனிங்ல 40 கேள்வி, நாலு பகுதி, ஒருக்காத்தான் போடுவாங்க, மறுகா கேக்கேலாது. அதில நாலாம் பகுதிதான் யூனிவர்சிட்டி. ஒராள் நிப்பாட்டாம லெக்சர் மாதிரிப் பேசிக்கொண்டு போவார், நடுவில இடைவெளியும் இல்ல. கன பிள்ளைகள் அதக் கஷ்டம் எண்டு கைவிட்டுட்டு முதல் மூண்டு பகுதியில மார்க்ஸ் எடுத்துச் சமாளிக்கப் பாக்கிறாங்க. எனக்கு இதிலதான் கோவம் வரும். மகன், நீ கைவிடுற அந்த அஞ்சு நிமிசத்தத்தான் அங்க போய் ஒரு நாளைக்கு ரெண்டு தரம், ஒவ்வொரு மணித்தியாலம் கேக்கப் போறாய்.

என்ன செய்யலாம்? போன்ல ஏதாவது பத்து நிமிசப் பேச்சுப் போடுங்க, நீங்க படிக்கப் போற பாடத்திலயே. நிப்பாட்டாதீங்க. திருப்பாதீங்க. கீழ எழுத்து ஓடுறத ஓஃப் பண்ணுங்க. முடிஞ்ச பிறகு அரைப் பக்கம் எழுதுங்க, அதுக்குப் பிறகுதான் ரெண்டாம் தரம் கேட்டு எது தவறினது எண்டு பாருங்க. சொல்லுக்குச் சொல் பிடிக்க ஓடாதீங்க, திருப்பம் எங்க எண்டு பிடிங்க. "ஹௌஎவர்" எண்டா எதிர்ப்பக்கம் போறார், "சோ வாட் டஸ் திஸ் மீன்" எண்டா இவ்வளவு நேரமும் சொன்னத இப்பதான் முடிச்சுப் போடப் போறார். நான் கொஞ்சம் முன்ன "சரி" எண்டு சொல்லிப்போட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனனே, அதுமாதிரி. இந்த ரேடியோவயும் நீங்க திருப்பிப் போடேலாதுதானே.

இப்ப ஒரு கதை. என்னட்டப் படிச்ச பொடியன், ஊர் பேர் வேணாம், இங்கிலாந்துக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போனவன். அசைன்மெண்ட் முதல் பிரதிய சுப்பவைசருக்குக் குடுத்திரிக்கான். அவர் பக்கத்தில எழுதியிரிக்கார், "யூ மைட் வாண்ட் டு லுக் அட் திஸ் அகெய்ன்". பொடியன் வாசிச்சான், விளங்கினான், விருப்பமெண்டா திரும்பப் பாக்கலாமாம். அவனுக்கு விருப்பம் இல்ல. இன்னொரு இடத்தில "குவைட் குட்" எண்டு கிடக்கு, அதையும் வீட்டுக்குச் சொல்லிப்போட்டான், தாய் எனக்குச் சொல்லி, நானும் சந்தோசப்பட்டன். கடைசியில அந்த அசைன்மெண்ட் ஃபெயில். ராவு கோல் எடுத்து அழுறான், சேர் அவர் பிழை எண்டு ஒரு சொல்லும் சொல்லல்லயே எண்டு.

சொன்னவர்தான். இங்கிலீஷ்காரர் "மைட் வாண்ட் டு" எண்டா அது விருப்பம் கேக்கிறது இல்ல, இது சரியில்ல, மாத்து எண்டு அர்த்தம். "குவைட் குட்" எண்டா அவங்கட வாயில பரவாயில்ல, அவ்வளவுதான்.

இது என்ன கள்ளத்தனம் எண்டு கேக்காதீங்க, நாமளும் அதத்தான் செய்யிறம். வெளிக்கிடக்கொள்ள பெரியம்மா "வாறன்" எண்டுபோட்டுப் போறா. அந்த பஸ் ஸ்டாண்ட் வெள்ளைக்காரன் வீட்ட இரிந்தா என்ன செய்வான்? வாசலையே பாத்துக்கொண்டிருப்பான், எங்கடா வாறன் எண்ட ஆள் எண்டு. அகராதியில வாறன் எண்டா வாறதுதானே.

அதால விளங்காட்டிக் கேளுங்க. "இத மாத்தோணுமா, கட்டாயமா?" எண்டு நேரா ஒரு கேள்வி. நம்மட பிள்ளைகள் சேர்மாரிட்டக் கேள்வி கேக்கிறது மரியாதைக்குறைவு எண்டு வளந்தவங்க, அங்க கேக்காம இரிந்தாத்தான் இவன் படிக்க வரல்ல எண்டு நினைப்பாங்க.

தங்கச்சி கண்ணாடிக்கு அங்கால ரெண்டு விரல் காட்டுறா. இன்னும் ரெண்டு விசயம் கிடக்கு.

ஒண்டு, பாடமாக்கிறது. நாம நோட்ஸ அப்பிடியே எழுதி மார்க்ஸ் எடுத்த ஆக்கள். அங்க இன்னொராள்ட வசனத்த ஆர்ட எண்டு சொல்லாம எழுதினா அது களவு, டேர்னிட்டின் எண்டு ஒரு சொஃப்ட்வேர் வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டும். ஐயெல்ட்ஸ்லயும் பாடமாக்கின எசேய எக்ஸாமினர் மணந்து பிடிச்சிடுவார். வாசிச்சத மூடி வெச்சுப்போட்டு சொந்தச் சொல்லில எழுதிப் பழகுங்க. இதுக்கே தனிய ஒரு நாள் வேணும்.

மற்றது பிரீ செஷனல். ஸ்கோர் அரை பேண்ட் குறைஞ்சா எல்லாம் போச்சு எண்டு அழவேணாம், கன பிரிட்டிஷ் யூனிவர்சிட்டிகள் செப்டெம்பருக்கு முன்ன, கோடை லீவுக்க, ஆறு கிழமை, பத்துக் கிழமை எண்டு இங்கிலீஷ் கோர்ஸ் வெக்கிறாங்க, நான் இவ்வளவு நேரமும் சொன்ன லெக்சர் கேக்கிறது, நோட்ஸ் எடுக்கிறது, கட்டுரை எழுதிறது எல்லாம் அதில படிப்பிப்பாங்க, காசு தனிக் காசு, அதுக்கும் ஒரு குறைஞ்ச ஸ்கோர் கேப்பாங்க, ஓஃபர் லெட்டர வடிவா வாசிங்க, மறுகா ஐயெல்ட்ஸ் ரிசல்ட்ஸ் ரெண்டு வருசத்துக்குத்தான் செல்லும், அதால வெள்ளனவே எழுதி வெச்சிட்டு... ஓம் ஓம், காணும் எண்டுறா.

சரி, போயிட்டு வாறன்.