ஜஹ்ம் இப்னு சஃப்வான்: மறுப்புரைகளில் மட்டும் எஞ்சிய இறையியலாளர்

அவைத் தலைவர் அவர்களே, அறிஞர் பெருமக்களே, மாணவ நண்பர்களே,

தொடக்ககால இஸ்லாமிய இறையியலில் ஜஹ்ம் இப்னு சஃப்வானைப் போல வசைக்கு ஆளான பெயர்கள் மிகச் சில. அவர் எழுதிய நூல் எதுவும் இன்று கிடைப்பதில்லை. அவர் கொள்கை என்று நாம் அறிவதெல்லாம் அவரை மறுப்பதற்கென்றே எழுதப்பட்ட நூல்கள் வழியாகவும், அபுல் ஹசன் அல் அஷ்அரீ போன்றோர் பிற்காலத்தில் தொகுத்த பிரிவுகளின் வரலாறுகள் வழியாகவும் வந்தவையே. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வாதத்தை மட்டும் படித்துவிட்டு வழக்கைப் புரிந்துகொள்ள முயலும் நிலையில்தான் நாம் இருக்கிறோம்.

அவர் வாழ்ந்தது, இஸ்லாமியப் பேரரசை ஆண்ட உமையா வம்சத்தாரின் இறுதிக்காலக் (எட்டாம் நூற்றாண்டு) குராசான்; இன்றைய வடகிழக்கு ஈரானையும் மத்திய ஆசியாவின் சில பகுதிகளையும் உள்ளடக்கிய மாகாணம் அது. ஆமு தர்யாவின் கரையிலுள்ள திர்மித் நகரத்தோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது; அந்நகரம் பல நூற்றாண்டுகள் பௌத்த விகாரைகள் செழித்த இடம். சுமனிய்யாக்கள் எனப்பட்டோர், பெரும்பாலும் பௌத்தர்களாக இருக்கலாம், "உன் இறைவனைக் கண்டாயா, கேட்டாயா, தொட்டாயா?" என்று அவரை மடக்கியதாகவும், நாற்பது நாள் குழம்பிக் கிடந்த பின், "உங்கள் உயிரை நீங்கள் கண்டதுண்டா?" என்று அவர் திருப்பிக் கேட்டதாகவும் மறுப்புநூல் ஒன்று கதை சொல்கிறது. நாற்பது நாள் கணக்கை நான் நம்பவில்லை. ஆனால் புலன்களுக்கு எட்டாத, எப்பொருளோடும் ஒப்பிட முடியாத இறைவன் என்ற அவருடைய வற்புறுத்தல் இத்தகைய சூழலில் கூர்மை பெற்றிருக்கலாம் என்பது ஏற்கத்தக்கதே. இறைவனுக்குத் தனிப் பண்புகளைச் சாற்ற மறுத்ததும், குர்ஆன் படைக்கப்பட்டதே என்றதும் இதன் நீட்சிகள். சுவர்க்கமும் நரகமும் ஒருநாள் முடிவடையும் என்றும் அவர் சொன்னதாகக் கூறுவர்.

இறைவனை அறிவதே ஈமான் (இறைநம்பிக்கை) என்பது அவருடைய இன்னொரு கொள்கை. நாவால் மொழிவதும் உடலால் வணங்குவதும் அதன் பகுதிகள் அல்ல என்றார். பிற்காலத்தார் இதை வெறும் அலட்சியமாகச் சித்திரித்தார்கள். அன்றைய வரி அரசியலோடு சேர்த்துப் பார்த்தால் வேறு பொருள் தெரிகிறது. 728 வாக்கில், இஸ்லாத்தைத் தழுவுவோருக்கு, முஸ்லிம் அல்லாதோர் செலுத்தும் ஜிஸ்யா வரி இல்லை என்று குராசான் ஆளுநர் அஷ்ரஸ் சுக்து (சமர்கந்து வட்டாரம்) மக்களுக்கு வாக்களித்தார். மக்கள் திரளாக மாறியதும் வருவாய் சரிந்தது. உடனே, விருத்தசேதனம் செய்திருக்கிறார்களா, குர்ஆனில் ஓர் அத்தியாயம் ஓதத் தெரியுமா என்று சோதித்து வரியை மீண்டும் விதிக்க முனைந்தார்கள். அத்தகைய அரசுக்கு, ஈமானுக்கு வெளி அடையாளம் தேவையில்லை என்ற கொள்கை எவ்வளவு இடையூறாக இருந்திருக்கும்!

734இல் அல் ஹாரிஸ் இப்னு சுரைஜ் உமையாக்களை எதிர்த்துக் கிளர்ந்தபோது புதிய முஸ்லிம்களின் குறைகள் அக்கிளர்ச்சிக்கு வலுவூட்டின. ஜஹ்ம் பின்னாளில் அவருடைய எழுத்தராகப் பணியாற்றினார். தலைவரின் கொள்கை அறிக்கையை மர்வு நகரில் மக்கள் முன் வாசித்தவரும் இவரே. ஆளுநர் நஸ்ர் இப்னு சய்யாருடன் சமரசம் பேசப்பட்டபோது நடுவர்களாக அமர்ந்த இருவரில் ஜஹ்மும் ஒருவர். நஸ்ர் பதவி விலக வேண்டும், ஆட்சி ஆலோசனைக் குழுவின் முடிவுக்கு விடப்பட வேண்டும் என்ற தீர்ப்பை நஸ்ர் ஏற்கவில்லை. ஹிஜ்ரி 128இல் (கி.பி. 745-46) நஸ்ரின் அதிகாரி சல்ம் இப்னு அஹ்வஸ் ஜஹ்மைக் கொன்றார்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. மனிதனுக்குச் சொந்தச் செயலே இல்லை, சூரியன் மறைந்தது என்று சொல்வதைப் போலத்தான் மனிதன் செய்தான் என்று சொல்வதும் என்பது ஜஹ்மின் ஜபரிய்யா எனும் விதிக்கொள்கை. விதிக்கொள்கை உமையாக்களுக்கு உகந்தது, அவர்களுடைய கொடுமைகளையும் இறைவிருப்பமாக்கிவிடும் என்று பாடநூல்கள் சொல்லும். மனிதச் சுதந்திரம் பேசிய கைலான் அத்திமஷ்கீயைக் கலீஃபா ஹிஷாம் கொன்றதைச் சான்றும் காட்டும். ஆனால் விதிக்கொள்கையின் தீவிர எல்லையில் நின்ற ஜஹ்ம் கிளர்ச்சியாளரோடு சேர்ந்து அதே உமையாக்களின் ஆளுநரை எதிர்த்தார். ஒரு கொள்கையிலிருந்து ஓர் அரசியலை நேராக வருவித்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அவருடைய மறைவுக்குப் பின் ஜஹ்மிய்யா என்பது கட்சிப் பெயராக இருந்ததைவிட ஏச்சுச் சொல்லாகவே வளர்ந்தது. குர்ஆன் படைக்கப்பட்டதே என்று ஏற்கும்படி அறிஞர்களை வற்புறுத்தி 833இல் கலீஃபா மாமூன் தொடங்கிய மிஹ்னா விசாரணையில் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் துன்புற்ற பிறகு, குர்ஆன் படைக்கப்பட்டது என்ற எவருக்கும் அப்பெயர் சூட்டப்பட்டது. மனிதச் சுதந்திரத்தை முழுமூச்சாக ஆதரித்த, பகுத்தறிவு வழி இறையியலாளர்களான முஃதஸிலாக்களும் அதற்குத் தப்பவில்லை. அவர்களுள் ஒருவரான பிஷ்ர் இப்னுல் முஃதமிரோ, அதற்கு முன்பே, ஜஹ்மைத் தலைவராகக் கொண்டவர்களோடு தமக்கு உறவில்லை, தாங்கள் முஃதஸிலா முன்னோடி அம்ர் இப்னு உபைதின் வழியினர் என்று கவிதையிலேயே அறிவித்திருந்தார்.