கேமராவுக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம்

வணக்கம் நேயர்களே. குடும்பமும் தொழில்நுட்பமும்னு தலைப்பு குடுத்து பேசக் கூப்பிட்டிருக்காங்க, நிலையத்துக்கு நன்றி. செல்போன் பிள்ளைகளைக் கெடுக்குது, சீரியல் குடும்பத்தைப் பிரிக்குதுன்னு நிறைய பேர் பேசியாச்சு, நான் அதுக்குள்ள போகல. இராமநாதபுரம் மாவட்டத்துல ரொம்ப வருஷம் டீச்சரா இருந்தவ நான். எங்க பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல பேரண்ட்ஸ் மீட்டிங் வச்சா அப்பாமாரைப் பாக்குறதே அபூர்வம், சவுதி, துபாய், கத்தார், குவைத், சிங்கப்பூர்னு ஆளுக்கொரு நாட்டுல இருப்பாங்க. 2015-ல தமிழ்நாட்டுல எடுத்த புலம்பெயர்வு கணக்கெடுப்புல, வெளிநாட்டுல இருக்கிற நம்ம மாநிலத்து ஆளுங்க சுமார் 22 லட்சம்னு வந்துச்சு. அதுல வளைகுடாவுக்குப் போனவங்கள்ல நிறைய பேர் குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக வசதி இல்லாதவங்க, குடும்ப விசா எடுக்கணும்னா இவ்வளவு சம்பளம் இருக்கணும்னு அங்க சட்டமே இருக்கு, கட்டட வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போனவருக்கு அது எட்டாது. அதனால புருஷன் அங்க, பொண்டாட்டி இங்க, நடுவுல ஏதாவது ஒரு மிஷின். அந்த மிஷின் மாற மாற வீட்டுக்குள்ள என்ன மாறுச்சுங்கறதுதான் இன்னிக்கு என் பேச்சு.

முதல்ல கடிதாசி. போய்ச் சேர பத்து பதினஞ்சு நாள், பதில் வர அதே மாதிரி. எழுதப் படிக்கத் தெரியாத பொண்ணுங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைகிட்ட சொல்லி எழுதணும், வந்த கடிதாசியை வேற யாரோ வாசிச்சுக் காட்டணும், அப்ப மனசுல இருக்கறதை எப்படி சொல்றது? எண்பதுகள்ல டூ-இன்-ஒன் டேப்ரிக்கார்டர் வீட்டுக்கு வீடு வந்தப்ப கேசட் பழக்கம் ஆரம்பிச்சுது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். 60 நிமிஷ கேசட், ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். ஊருக்கு லீவுல வந்த யாராவது திரும்பிப் போறார்னு தெரிஞ்சதும், அவர்கிட்ட குடுத்தனுப்ப முந்தின நாள் ராத்திரி கூடத்துல பாயை விரிச்சு டேப்பை நடுவுல வச்சு எல்லாரும் சுத்தி உக்காருவாங்க. முதல்ல அம்மா பேசும், பாதி அழுகையா இருக்கும். அப்புறம் தங்கச்சிங்க, அப்புறம் பிள்ளைங்க ஸ்கூல்ல படிச்ச பாட்டைப் பாடுவாங்க. பொண்டாட்டி முறை வர்றப்ப கேசட்டுல ரெண்டு மூணு நிமிஷம்தான் மிச்சம் இருக்கும், பக்கத்துலயே மாமியார் உக்காந்திருப்பாங்க. "நான் நல்லா இருக்கேன் மச்சான், நீங்க உடம்பைப் பாத்துக்கங்க, வேற ஒண்ணும் இல்ல." அவ்வளவுதான். அந்த வேற ஒண்ணும் இல்லைக்குள்ள என்னென்ன இருந்துச்சோ!

அங்க ரூம்ல அதைப் போட்டுக் கேட்டவங்க சொல்லுவாங்க, பேச்சை விட பின்னாடி கேக்குற சத்தம்தான் அவங்களை உலுக்குமாம், கோழி கத்துறது, தெருவுல பால்காரர் மணி, பாங்கு சத்தம், குக்கர் விசில்.

இப்ப இன்னொரு பக்கத்தையும் பாக்கணும், யாரும் அதிகம் பேசாத பக்கம். பதில் வர ஒரு மாசம் ஆகும்ங்கறதால இங்க இருந்த பொண்ணு காத்துக்கிட்டு இருக்க முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல்னா எந்த டாக்டர்கிட்ட போறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணணும். வீடு கட்ட ஆரம்பிச்சா கொத்தனார்கிட்ட கூலி பேசறது, சிமெண்ட் மூட்டையை எண்ணி இறக்குறது, பேங்க்குல டிராஃப்ட்டை மாத்துறது, பஞ்சாயத்து ஆபீஸுக்கு நடையா நடக்கறது, எல்லாம் அவங்கதான். வாசலைத் தாண்டாம வளந்த பொண்ணு ரெண்டு வருஷத்துல ஒரு வீட்டையே கட்டி நிறுத்தியிருக்கும். கேரளாவுல திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் 1998-ல ஆரம்பிச்சு இந்த மாதிரி குடும்பங்களைப் பல தடவை கணக்கெடுத்திருக்கு, அங்க இருக்கிற ஆய்வாளர்களும் இதை எழுதியிருக்காங்க, ஆம்பளை இல்லாத வீட்டுல பொம்பளைங்களுக்குத் தனிமையும் கஷ்டமும் வந்தது நிஜம், கூடவே பணத்தைக் கையாளுற தெம்பும் வெளி உலகமும் பழகுச்சுன்னு. எங்க ஊர்ல நான் கண்ணால பாத்ததும் அதேதான்.

அப்புறம் காசு குடுத்து வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பேசுற எஸ்டிடி பூத் காலம் வந்துச்சு, மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, சிவப்பு நம்பர் ஓடுற மீட்டர். மீட்டரைப் பாத்துக்கிட்டேதான் பேச்சு, அவசரத்துல விஷயம் மட்டும்தான் சொல்ல முடியும், அதைத் தாண்டிப் பெருசா எதுவும் மாறல.

மாறினது ஸ்மார்ட்ஃபோனும் மலிவு டேட்டாவும் வந்த பிறகுதான், 2016-க்கு அப்புறம்னு வச்சுக்கலாம். அதுலயும் நாட்டுக்கு நாடு வேற கதை. சவுதியில 2017 செப்டம்பர்லதான் இன்டர்நெட் வழியா கால் பேசறதை அனுமதிச்சாங்க. துபாய்ல வாட்ஸப்ல மெசேஜ் போகும், கால் போகாது, அதனால அங்க அனுமதி உள்ள வேற ஆப்பைத்தான் போடணும். சின்ன மகன் துபாய், பெரிய மகன் சவுதின்னா வீட்டுல இருக்கிற பாட்டி எந்த மகனுக்கு எந்தப் பட்டனை அழுத்தணும்னு கத்து வச்சிருக்கும். நம்மளை விட சவுதி ரெண்டரை மணி நேரம் பின்னாடி, அவர் வேலை முடிஞ்சு கேம்ப்புக்கு வந்து குளிச்சு எட்டு மணிக்கு போன் போட்டா இங்க பத்தரை, பிள்ளை தூங்கியிருக்கும். பகல் பூரா பேசலாம்னு அவருக்கு லீவு கிடைக்கிறது வெள்ளிக்கிழமை, அன்னிக்கு பிள்ளை ஸ்கூல்ல என் வகுப்புல உக்காந்திருக்கும். இவ்வளவு தடையையும் தாண்டித்தான் அந்த மனுஷங்க பேசுறாங்க.

நல்லது நடந்திருக்கு, அதை மறுக்கவே கூடாது. முன்னாடி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அப்பா வந்து இறங்குறப்ப குழந்தை மிரண்டு அம்மா முந்தானைக்குள்ள ஒளியும், அந்தத் தகப்பனோட முகத்தைப் பாக்க முடியாது. இப்ப பிள்ளைக்கு அப்பா முகம் தெரியும், குரல் தெரியும், கோபம் கூட தெரியும். "மிஸ், நேத்து அத்தாவுக்கு மார்க் ஷீட்டைக் காட்டினேன், கணக்குல ஏன் கொறஞ்சுதுன்னு கேட்டாங்க"ன்னு ஒரு பையன் வந்து சொன்னப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏன்னா திட்டுறதுக்கும் ஒரு அப்பா வேணும் பாருங்க. கூடத்துல எல்லார் முன்னாடியும் ரெண்டு நிமிஷம் பேசின அந்தப் பொண்ணோட மகளுக்கு இன்னிக்கு தனி போன், தனி ரூம், புருஷன்கிட்ட மனசு விட்டுப் பேச முடியுது. 2020 மார்ச்ல கொரோனாவால விமானம் எல்லாம் நின்னப்ப, மாட்டிக்கிட்டவங்களைக் கூட்டிட்டு வர அரசாங்கம் விட்ட வந்தே பாரத் விமானம் மே 7-ந் தேதி வர ஆரம்பிக்கிற வரைக்கும் யாரும் வர முடியாத நிலைமை, எத்தனையோ மகன்கள் பெத்தவங்களோட கடைசி முகத்தை போன்லதான் பாத்தாங்க. அதுவும் இல்லாம இருந்திருந்தா அவங்க என்ன ஆகியிருப்பாங்க?

ஆனா போன வருஷம் ஒரு பழைய மாணவியைப் பாத்தேன், கல்யாணமாகி ரெண்டு பிள்ளை, அது சொன்னதுலேருந்துதான் இந்தப் பேச்சே என் மனசுல உருவாச்சு. வீட்டு வாசல்ல சிசிடிவி கேமரா வச்சிருக்காங்க, திருட்டுப் பயத்துக்குன்னு. அது வெளிநாட்டுல இருக்கிற புருஷனோட போன்லயும் தெரியும். கேட்டைத் திறந்தா அடுத்த நிமிஷம் கால் வருது, எங்க கிளம்பிட்ட? கடைக்குப் போனா போனைத் திருப்பிக் காட்டு, பக்கத்துல யாரு? அந்தப் பொண்ணு கோபமா சொல்லல, டீச்சர்ங்கற மரியாதையில மெதுவாத்தான் சொல்லுச்சு, "அவங்க கூடவே இருக்கற மாதிரி இருக்கு மிஸ், ஆனா மூச்சு விட முடியல"ன்னு. அந்தப் புருஷனும் கெட்டவன் இல்ல, எட்டு பேர் படுக்குற ரூம்ல பங்க் பெட்டுல திரையை இழுத்து விட்டுக்கிட்டு, தன் வீட்டு வாசலைப் போன்ல பாத்துக்கிட்டே தூங்குறவன், அவனுக்கு வேற என்ன இருக்கு அங்க? பாசத்துல ஆரம்பிச்சதுதான். பாசத்துல ஆரம்பிச்சது காவலா மாறினதுதான் எனக்கு வருத்தம்.

பணத்துலயும் அதே கதை. முன்னாடி மாசம் ஒரு தொகை மனைவி கைக்கு வரும், அரிசிக்கு இவ்வளவு, ஃபீஸுக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவுன்னு பிரிச்சு மிச்சம் பிடிச்சு ஒரு கிராம் தங்கமாவது வாங்கி வைப்பாங்க. 2023-ல வெளிநாட்டு நம்பர் வச்சே யுபிஐ பண்ணலாம்னு பத்து நாட்டுக்கு அனுமதி வந்துச்சு, அமீரகம், சவுதி, ஓமன், கத்தார் எல்லாம் அதுல உண்டு. வசதிதான், ஆனா இப்ப சில வீடுகள்ல மளிகைக் கடை கியூஆர் கோடை போட்டோ எடுத்து அனுப்பினா அங்கேருந்தே பணம் போயிடுது, ஸ்கூல் ஃபீஸும் கரண்ட் பில்லும் அப்படியே. மருமக கையில நூறு ரூபாய் தங்கறதில்ல. அவங்க அம்மா சிமெண்ட் மூட்டை எண்ணி வீடு கட்டினவங்க, டிகிரி படிச்ச இந்தப் பொண்ணு நாப்கின் வாங்கறதுக்கு புருஷனுக்கு மெசேஜ் போட வேண்டியிருக்கு. எனக்கு இது மனசு ஆறவே இல்ல.

இந்த நிகழ்ச்சியை ஆன்லைன்ல வெளிநாட்டுல இருந்தும் கேக்குறாங்கன்னு சொன்னாங்க, அதனால அந்தத் தம்பிமார்கிட்ட நேரா சொல்றேன். சம்பளம் வந்த அன்னிக்கு வீட்டுச் செலவை மொத்தமா அவங்க அக்கவுண்ட்ல போட்டுருங்க, கணக்கு மாசக் கடைசியில பேசிக்கலாம், தினமும் வேண்டாம். வாசல் கேமரா இருக்கட்டும், ராத்திரி திருட்டுக்குப் பாருங்க, பகல்ல அந்த ஆப்பைத் திறக்காதீங்க. கால் போட்டா முதல் கேள்வி எங்க இருக்கன்னு வேண்டாம், சாப்டியான்னு கேளுங்க. மாமியாருங்களே, ராத்திரி பத்தரைக்கு அந்தக் கால் வர்றப்ப ஒரு கால் மணி நேரம் மருமகளுக்குத் தனியா விடுங்க. இதுக்கு மேல கேள்வி இருந்தா நிலையத்துக்கு எழுதுங்க, அடுத்த தடவை கூப்பிட்டா பதில் சொல்றேன். வணக்கம்.