21ஆவது நிறமூர்த்தம் மூன்றாகும்போது

(திரை: ஹட்டன் பக்கத்து மலைத்தோட்டம், லயத்து வாசலில் கைக்குழந்தையோடு ஒரு தாய்)

டவுன் சிண்ட்ரோமோடு, அதாவது வளர்ச்சியும் கற்றலும் மெதுவாகும் பிறவி நிலையோடு, ஒரு பிள்ளை பிறந்தால் நம்ம தோட்டப் பக்கம் எல்லாக் கேள்வியும் அம்மாவிடம்தான் போகும். "கிரகணத்தன்று வெளியே போனியா? மாசமா இருக்கும்போது கொழுந்துக்கூடை சுமந்தியா?" இரண்டுமே காரணமில்லை. காரணம் கலத்துக்குள் இருக்கிறது.

(திரை: கலம், அதன் கரு)

ஒவ்வொரு கலத்திலும் பரம்பரைத் தகவலைச் சுமக்கும் டி.என்.ஏ. இழை சுமார் 2 மீற்றர் நீளத்துக்கு இருக்கிறது. புரத உருண்டைகளைச் சுற்றி, நூல்கண்டு போலச் சுருண்டு கிடப்பதுதான் நிறமூர்த்தம். மொத்தம் 46, அதாவது 23 சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று அம்மாவுடையது, மற்றது அப்பாவுடையது. பாடப்புத்தகத்தில் பார்க்கும் எக்ஸ் வடிவம் கலம் பிரியும் நேரத்தில் மட்டும் தெரிவது. அப்போது ஒரே மாதிரியான இரண்டு பிரதிகள் மையப்பாத்து என்ற இணைப்பிடத்தில் ஒட்டி நிற்கும்.

(திரை: முட்டை உருவாகும் காட்சி)

முட்டையிலும் விந்திலும் 23தான் இருக்க வேண்டும். பெண்ணின் முட்டைக் கலங்கள் அவள் தாய் வயிற்றில் இருக்கும்போதே பிரியத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. பல வருடம் கழித்துத்தான் பிரிவு தொடர்கிறது. அந்த நேரத்தில் 21ஆவது சோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டால், பிள்ளைக்கு 21ஆவது நிறமூர்த்தம் மூன்று வந்துவிடும். பெரும்பாலும் நடப்பது இதுதான். வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும்: 35 வயதில் ஏறத்தாழ 350 பிள்ளைகளில் ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. இருபது வயதுத் தாய்க்கும் நடக்கலாம். சாப்பாடோ, வேலையோ, நேர்த்தி தவறியதோ இதைச் செய்வதில்லை.

நூற்றில் மூன்று நான்கு பேருக்கு மட்டும் கதை வேறு. கூடுதலான 21, இன்னொரு நிறமூர்த்தத்தோடு, பெரும்பாலும் 14ஓடு, ஒட்டியிருக்கும். பெற்றோரில் ஒருவர் அந்த ஒட்டைச் சுமந்துகொண்டே முழு ஆரோக்கியமாக இருக்கலாம். அது அப்பாவாகவும் இருக்கலாம். எண்ணிப் பார்த்தால் அவருக்கு 45தான். அடுத்த பிள்ளைக்கும் வர வாய்ப்பிருப்பதால், முதலில் பிள்ளையின் இரத்தத்தில் நிறமூர்த்தங்களைப் படமெடுத்து எண்ணிப் பார்க்கும் கேரியோடைப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒட்டு தெரிந்தால் அம்மா, அப்பா இருவருக்கும்.

அப்புறம், இதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்தப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருதயத்தில் பிறவிக் குறை இருக்கும், பார்த்தால் தெரியாது. கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் சொல்லி, இருதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனுக்குத் துண்டு வாங்குங்கள். தைரொயிட் இரத்தப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.