கண்ணு பாக்குறதுக்கு மட்டுமா?

நடுவர் ஐயாவுக்கும் எல்லாருக்கும் வணக்கம். தானா ஓடுற வண்டியை மனுஷ டிரைவர் நம்புவாரா, மாட்டாரா? மாட்டாருங்கறது எங்க அணி.

2009ல கூகுளோட டெஸ்ட் வண்டி ஒண்ணு, நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு வச்ச சந்திப்புல போய் நின்னுச்சு. முதல்ல வந்தவங்க முதல்ல போகணும், அதான் சட்டம். மத்தவங்க முழுசா நிக்கட்டும்னு இது காத்திருக்கு, ஆனா மனுஷன் எங்கய்யா முழுசா நின்னான்? இடது பக்கத்துக்காரர் பிரேக்குல இருந்து காலை லேசா எடுக்குறார், வண்டி ஒரு அடி ஊருது. இது நிக்குது. வலது பக்கத்துக்காரர் மூக்கை நீட்டுறார். இது நிக்குது. எதிர்ல வந்தவர் ஊர்ந்து ஊர்ந்து போயே போயிட்டார். இது அங்கேயே நிக்குதுங்கய்யா! அப்புறம்தான் அதுக்கும் கொஞ்சம் ஊர்ந்து காட்டக் கத்துக்குடுத்தாங்க. சட்டம் முழுசா தெரிஞ்ச வண்டிக்கு ஜாடை தெரியல.

இப்ப எதிரணித் தம்பிக்கு வரேன். "டிரைவர் இல்லாத டாக்சி விடுற வேமோ கம்பெனியோட ஜாகுவார் வண்டிக்கு 29 கேமரா, உங்களுக்கு ரெண்டே கண்ணு, அதுவும் போன்ல"ன்னு சொல்லிக் கைதட்டல் வாங்கிட்டுப் போனீங்களே தம்பி. கண்ணு பாக்குறதுக்கு மட்டுமா? காட்டுறதுக்கும்தானே! கிராசிங்ல நிக்கிற அம்மா டிரைவர் முகத்தைப் பாத்துட்டுத்தானே காலை எடுத்து வைக்கிறாங்க? 29 கேமராவுல ஒண்ணாவது "நீங்க போங்கம்மா"ன்னு சொல்லுமா? மெர்சிடிஸ்காரங்க நீலப்பச்சை லைட்டு வச்சாங்க, 2023ல கலிபோர்னியாவும் நெவாடாவும் அனுமதி குடுத்துச்சு, சரி, ஓட்டுறது மெஷின்னு அந்த லைட்டு சொல்லும், அது நிக்கப்போகுதா போகப்போகுதான்னு சொல்லுமா? முன்னாடி போறது எங்க பிரேக் போடும்னு பின்னாடி வர்றவருக்குப் பிடிபடல, அதனாலதான் இந்த வண்டிங்களைப் பின்னால வந்து இடிச்ச கேஸே அவ்வளவு.

இன்னொண்ணு சொல்லணும். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த ராத்திரி நான்தான் ஓட்டினேன். கொட்டுற மழை, முன்னாடி ஒரு லாரி, வழியில்ல. ஹாரன் அடிக்கக்கூட கை வரல, லைட்டை மட்டும் அணைச்சு அணைச்சுப் போட்டேன். ஜன்னல் வழியா ஒரு கை வெளிய வந்துச்சு, முழங்கை வரைக்கும் நனைஞ்ச சட்டை, அஞ்சு விரலையும் விரிச்சு 'இரு'ங்குது. எதிர்ல ஒரு வண்டி கடந்து போச்சு. அதுக்கப்புறம் அதே கை 'வா, வா'ன்னு வீசுச்சு. நான் ரோட்டைப் பாக்கலங்கய்யா, அந்தக் கையை நம்பி ஏறிப் போனேன்.

அப்பா இப்ப மூணாவது வரிசையில உக்காந்திருக்கார். வணக்கம்.