லாரி செட் மாதவரம் போனா, மூட்டைக் கணக்கு என்ன ஆகும்?

[திரை: வால்டாக்ஸ் ரோடு, விடியற்காலை. பார்சல் ஆபீஸ் வாசலில் பத்துச் சக்கர லாரி. பின்னால் இரண்டு குட்டி யானை (டாடா ஏஸ் மினி லாரி), ஒரு மீன்பாடி வண்டி (மூணு சக்கரச் சரக்கு வண்டி).]

மும்பையில இருந்து சென்னை ஏறக்குறைய 1,340 கிலோமீட்டர். அங்கிருந்து வர்ற சரக்கு லாரி, சென்ட்ரல் பக்கத்துல வால்டாக்ஸ் ரோட்டுல இருக்கற பார்சல் ஆபீஸ் வரைக்கும் வராம, ஊரோட வடக்கு ஓரம் மாதவரத்துலயே நின்னுட்டா, டிரைவருக்கு லாபம்தான். பேசின் பிரிட்ஜ் நெரிசல் இல்ல. பகல்ல ஊருக்குள்ள விடமாட்டாங்கன்னு ராத்திரி வரைக்கும் ஓரங்கட்டி நிக்க வேண்டாம். அதனாலதான் "லாரி முனையத்தை ஊருக்கு வெளியே கொண்டு போங்க"ன்னு யாராவது சொன்னா, கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கும்.

ஆனா சரக்கு மாதவரத்துக்குப் போறதுக்காக வரல. ஜார்ஜ் டவுன்ல இருக்கற சௌகார்பேட்டைக்கும் கோடவுன் தெருவுக்கும் போறதுக்காக வந்திருக்கு. லாரி ஓடாம விட்ட அந்தப் பன்னெண்டு கிலோமீட்டரை வேற யாரோ ஓடித்தான் ஆகணும். அது யாரு, அதுக்குக் காசு எந்தக் கணக்குல வருதுன்னு இந்த வீடியோல பாப்போம்.

[திரை: கரும்பலகை. 10 டன் = 50 கிலோ மூட்டை 200.]

அந்த லாரியில ஜார்ஜ் டவுன் கடைகளுக்குன்னு 10 டன் இருக்குன்னு வெச்சுப்போம். 50 கிலோ மூட்டையா 200. குட்டி யானையில நியாயமா ஏத்தறது முக்கால் டன், அதாவது 15 மூட்டை. அப்போ 14 நடை.

பழைய இடத்துல கடைக்கு ஒரு கிலோமீட்டர். ஏத்தி, இறக்கி, காலி வண்டியா திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல கொஞ்சம். ஒரு நாளைக்கு 7 நடை சாதாரணமா அடிக்கலாம். ரெண்டு வண்டி இருந்தா அன்னைக்கே சரக்கு முடிஞ்சிரும்.

மாதவரத்துல இருந்துன்னா மூலக்கடை, வியாசர்பாடி, பேசின் பிரிட்ஜ்னு பகல் நெரிசல்ல வரணும். போக வர, ஏத்தி இறக்க எல்லாம் சேத்தா மூணு மணி நேரம். நாளைக்கு 3 நடைதான். அதே 14 நடைக்கு இப்போ அஞ்சு வண்டி வேணும்.

இங்கதான் பல பேரு தப்பா கணக்குப் போடறாங்க. "டீசல் எவ்வளவு கூட ஆகும்? நூத்தம்பது ரூபா சேத்துக் கொடுத்திடலாம்"னு பேசி முடிச்சிடறாங்க. டீசல் இதுல சின்ன விஷயம். போனது நடை.

[திரை: கணக்கு ஒவ்வொரு வரியா வருது.]

பழைய நடை ரேட் 400 ரூபாய்னு ஒரு உதாரணம். 7 நடைக்கு 2,800. புது இடத்துல அதே 2,800 கைக்கு வரணும்னா, 3 நடையால வகுத்தா ஒரு நடைக்கு 933. இதோட டீசல். போக வர 24 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்குதுன்னா 1.6 லிட்டர். லிட்டர் 92 ரூபாய்னு போட்டா 147. பழைய நடையில டீசல் 12 ரூபாய்தான் ஆச்சு. அந்த வித்தியாசம் 135. ஆகமொத்தம் நடைக்கு 1,070 ரூபாய் பக்கம்.

இதை மூட்டைக்குப் பிரிச்சா 71 ரூபாய். முன்னாடி 27 ரூபாய்க்குள்ள இருந்தது. மூட்டைக்கு 45 ரூபாய் பக்கம் கூடுது. உங்க ரேட்டையும் மைலேஜையும் போட்டு நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்க. எண்ணு மாறும், விஷயம் மாறாது.

இந்த 45 ரூபாயை யார் தலையில கட்டறது? எல்.ஆர்.ல, அதாவது லாரி ரசீதுல பாருங்க. "கோடவுன் டெலிவரி"ன்னு இருந்தா, கடைக்காரர்தான் வந்து எடுத்துக்கணும், அவர் தலையில விழும். "டோர் டெலிவரி"ன்னு இருந்தா பார்சல் ஆபீஸ் தலையில. ஆபீஸ் என்ன பண்ணும்? புக்கிங் பண்ற ஊர்ல ரேட்டை ஏத்தினா பார்ட்டி அடுத்த ஆபீசுக்குப் போயிடுவார்னு பயந்து, குட்டி யானைக்காரர்கிட்ட "பழைய ரேட்டுக்கே ஓட்டுங்க, பாத்துச் செய்யறோம்"னு சொல்லும். பாத்துச் செய்யறது நடக்காது. அதனால முதல் லாரி புது இடத்துல இறங்கறதுக்கு முன்னாடியே, "உள்ளூர் டெலிவரி, மூட்டைக்கு இவ்வளவு"ன்னு தனி வரியா ரேட் கார்டுல அச்சடிக்க வைங்க. மொத்த வாடகைக்குள்ள கலந்துட்டா அப்புறம் அதைப் பிரிச்சு எடுக்கவே முடியாது.

பெரிய வண்டி போடலாமேன்னு கேப்பீங்க. டாடா 407 லாரி போட்டா இரண்டரை டன், நாலு நடையில முடியும். ஆனா கோவிந்தப்ப நாயக்கன் தெருவுல 407-ஐ நிறுத்தி 50 மூட்டை இறக்கற வரைக்கும் பின்னாடி வர்றவங்க சும்மா இருப்பாங்களா? ராத்திரி கொண்டு போனா தெரு காலி, கடையும் பூட்டு. கடைக்காரர் ஆள் வைக்க ஒத்துக்கிட்டா மட்டும் 407.

மீன்பாடி வண்டிக்கு இதுல எந்த வழியும் இல்ல. மாதவரத்துல இருந்து மூட்டையோட அது வர முடியாது. அந்த வண்டிக்காரங்க பிழைக்கணும்னா ஒரே ஒரு ஏற்பாடுதான் உண்டு. ஜார்ஜ் டவுனுக்குள்ள சின்னதா ஒரு இறக்குமிடமும் புக்கிங் கவுன்ட்டரும் மிஞ்சணும். 407 அங்க வரைக்கும் வரும், அங்கிருந்து தெருவுக்குள்ள மீன்பாடி. பேச்சுவார்த்தையில முதல்ல கேக்க வேண்டியது இதைத்தான். கடைசியில கேட்டா கிடைக்காது.

[திரை: லாரியின் பின்பலகை திறந்திருக்கு. கேமரா மூட்டையின் காதுக்கு அருகே போகுது.]

இப்போ லோடுமேன் பக்கம் வருவோம். இதை யாரும் படம் போட்டுக் காட்டறதில்ல, அதனால கொஞ்சம் நின்னு பாப்போம்.

லாரி பாடியோட தளம் தரையில இருந்து நாலடி சொச்சம். மேல நிக்கிற ஆள் மூட்டையோட ரெண்டு காதை, அதாவது மூலையை, பிடிச்சு ஓரத்துக்கு இழுக்கறார். கீழ சும்மாடு கட்டின ஆள் முதுகைக் கொடுக்கறார். மூட்டை சறுக்கி முதுகுக்கு வருது. தூக்கவே வேண்டாம். பழைய இடத்துல பக்கத்துலயே குட்டி யானை நிக்கும், அதோட தளம் இரண்டரை அடிதான். அப்படியே நடந்து போய்ச் சாய்ச்சிடுவார். ஒரு மூட்டை, ஒரு கை மாத்து, ஒரு கூலி.

புது இடத்துல லாரி விடியற்காலை நாலு மணிக்கு வந்துரும். குட்டி யானை ஊர்ல இருந்து ஒன்பது மணிக்கு வரும். லாரியைக் காக்க வெச்சா ஹால்டிங், அதாவது காத்திருப்புக் காசு கேப்பாங்க. அதனால 200 மூட்டையும் ஷெட்டுல இறக்கி, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி அட்டி போடணும். அப்புறம் ஒன்பது மணிக்கு அட்டியைப் பிரிச்சு, தரையில இருக்கற மூட்டையை ரெண்டு பேர் ஆளுக்கு ரெண்டு காது பிடிச்சுத் தூக்கி, மூணாவது ஆள் முதுகுல வைக்கணும். தரையில இருந்து தூக்கறதுதான் இடுப்பை உடைக்கிற வேலை. 10 டன் சரக்கு, கை பட்டது 20 டன். கூலி? பழைய பேச்சுப்படி மூட்டைக்கு ஒரு தடவை.

அதனால கூலிப் பேச்சுல "இறக்கு கூலி", "அட்டிக் கூலி", "ஏத்து கூலி" மூணையும் தனித்தனியா எழுதுங்க. லாரி பாடியில இருந்து நேரா குட்டி யானை பாடிக்கு மாத்தினா ஒண்ணு, அட்டி போட்டு எடுத்தா மூணும். அட்டி எத்தனை வரிசை உயரம், ஷெட்டுல இருந்து வண்டிக்கு எத்தனை அடி நடைன்னும் எழுதணும். பத்தடி நடைக்குப் பேசின கூலிக்கு அறுபதடி நடக்க விடறது, இட மாற்றத்துல சர்வசாதாரணமா நடக்கும்.

மேடை இருந்தா இந்தக் கஷ்டம் பாதி குறையும். லாரி பக்கம் நாலடி மேடை போட்டா டிராலியில தள்ளிட்டே வந்துடலாம். ஆனா அதே மேடையில எதிர்ப்பக்கம் குட்டி யானை வந்து நின்னா ஒன்றரை அடி பள்ளம். அந்தப் பக்கத்துக்கு உயரம் குறைவா ஒரு மேடை, இல்லன்னா சரிவு வேணும். வரைபடத்துல "லோடிங் பிளாட்பாரம்"னு ஒரே கோடு போட்டிருப்பாங்க. எந்தப் பக்கம் எவ்வளவு உயரம்னு கேளுங்க.

[திரை: அளவு டேப். வெறும் மைதானம்.]

இடத்தைப் பாக்கப் போகும்போது டேப்போட போங்க. உடம்பு ஒரே துண்டா இருக்கற லாரிக்கு 12 மீட்டர் நீளம் வரைக்கும் அனுமதி உண்டு. அது ஒரே வெட்டுல ரிவர்ஸ் எடுத்து மேடையில ஒட்டணும்னா, மேடைக்கு முன்னாடி அதோட ரெண்டு மடங்கு நீளம் காலியா இருக்கணும். ரெண்டு பக்கமும் மேடை போட்டு நடுவுல 15 மீட்டர் விட்டிருந்தாங்கன்னா, ஒரு லாரி திரும்பற வரைக்கும் மொத்த வரிசையும் நிக்கும்.

தரை கான்கிரீட்டா, வெறும் மண்ணு கொட்டி உருட்டினதான்னு பாருங்க. 2018 அறிவிப்புக்குப் பிறகு பத்துச் சக்கர வண்டிக்கு மொத்த எடை 28.5 டன். அந்த எடை ஐப்பசி மழையில மண்ணுத் தரையில நின்னா என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். 2020-ல கொரோனாவுக்காகக் கோயம்பேடு காய்கறிச் சந்தையைத் திருமழிசைக்கு மாத்தினாங்க. மே மாசம் போனது, செப்டம்பர் கடைசியிலதான் திரும்பிச்சு. நடுவுல மழை பெஞ்சப்போ சேத்துல காய் இறக்கினதை எல்லாருமே பாத்தோம்.

கோயம்பேடே இடம் மாறி வந்த சந்தைதான். 1996-ல கொத்தவால்சாவடியில இருந்து வந்தது. அது நிலைச்சதுக்குக் காரணம், வாங்கறவங்களும் விக்கறவங்களும் சேந்து மாறினது. ஜார்ஜ் டவுன் பார்சலுக்கு அந்த வசதி கிடையாது. லாரி மட்டும் மாறும், கடை அங்கேயேதான் இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துட்டு "கோயம்பேடு சரியா வரலையா?"ன்னு கேக்கறவங்களுக்கு இதைச் சொல்லுங்க.

ஆள் போய்ச் சேர வழி இருக்கான்னும் பாருங்க. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தை 2023 டிசம்பர் 30-ல திறந்தாங்க, அப்போ பக்கத்துல ரயில் நிலையம் தயாரா இல்ல. பயணிக்கே அந்த நிலைமைன்னா, விடியற்காலை மூணு மணிக்கு வேலைக்கு வர்ற லோடுமேனுக்கு எந்த பஸ் இருக்கும்? ஆபீஸ் வண்டி விடுமா, விட்டா எங்கிருந்து, எத்தனை மணிக்குன்னு எழுத்துல வாங்குங்க. கக்கூசு, குடிதண்ணி, டிரைவர் படுக்க இடம், ராத்திரி விளக்கு, இதெல்லாம் முதல் நாளே வேணும். விளக்கு இல்லாத யார்டுல டீசலும் ஸ்டெப்னியும் காணாமப் போகும்.

[திரை: செல்போனில் இ-வே பில்.]

அடுத்தது காகிதம். இதைச் சீக்கிரம் முடிச்சிடலாம். புது ஷெட் முகவரியை ஜி.எஸ்.டி. பதிவுல கூடுதல் தொழில் இடமா 15 நாளுக்குள்ள சேக்கணும். சேக்காம விட்டா, சரக்கு பதிவில்லாத இடத்துல கிடக்குதுன்னு சோதனையில மாட்டும். லாரியில இருந்து குட்டி யானைக்கு மாத்தும்போது இ-வே பில்லோட (சரக்கோட கூடவே போற ஜி.எஸ்.டி. மின்-சீட்டு) பி பகுதியில வண்டி நம்பரை மாத்தணும்னு பொது விதி. ஆனா மாநிலத்துக்குள்ள, டிரான்ஸ்போர்ட்காரர் இடத்துல இருந்து சரக்கு வாங்கறவர் இடத்துக்குக் கடைசிக் கட்டமா 50 கிலோமீட்டருக்குள்ள போனா, மாத்தத் தேவையில்ல. மாதவரத்துக்கு இது தாராளமாப் பொருந்தும்.

திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டுல 184 ஏக்கர்ல பன்முகப் போக்குவரத்துப் பூங்காவுக்கு 2022 மே 26-ல அடிக்கல் நாட்டினாங்க. சென்னைத் துறைமுகத்துல இருந்து அது 50 கிலோமீட்டருக்கு ஒட்டி இருக்கு. நாளைக்கு உங்க சரக்கு அங்க இறங்கற நிலைமை வந்தா, கடைக்கு எத்தனை கிலோமீட்டர்னு பாத்துட்டுத்தான் இந்தச் சலுகையை நம்பணும்.

இ-வே பில்லோட செல்லுபடி நாளையும் கவனிங்க. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். மும்பை சரக்குக்கு 7 நாள். வண்டி அஞ்சு நாள்ல வந்து, ஷெட்டுல மூணு நாள் அட்டியில கிடந்தா பில் காலாவதி. முடியறதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடியோ, முடிஞ்ச எட்டு மணி நேரத்துக்குள்ளயோதான் நீட்டிக்க முடியும்.

இன்னொரு தப்பு, நடையைக் குறைக்கணும்னு குட்டி யானையில 15-க்குப் பதிலா 25 மூட்டை ஏத்தறது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000. ஒரு தடவை மாட்டினா இருபது நடையோட காசு போச்சு.

[திரை: நல வாரிய அட்டை, வருகைப் பதிவு நோட்டு.]

கடைசியா, பட்டியல். இடம் ஒதுக்கும்போது வாடகை ரசீது வெச்சிருக்கற பார்சல் ஆபீசுக்கு ஷெட் கிடைக்கும். இருபது வருஷமா அதே வாசல்ல மூட்டை தூக்கினவருக்கு ரசீது கிடையாது. பஞ்சர் கடை, ஸ்பிரிங் பட்டை கட்டறவர், டீக்கடை, இவங்களும் அப்படித்தான். அதனால இப்பவே பேரு, போட்டோ, எந்த லாரி செட், எந்த வருஷத்துல இருந்துன்னு ஒரு பட்டியல் எழுதி, மேஸ்திரியும் ஆபீசும் கையெழுத்துப் போட்டு வெச்சுக்கங்க. சுமைப்பணிக்காரங்க 1982 சட்டத்துக் கீழ வர்ற உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்துலயும், டிரைவரும் பட்டறைக்காரரும் அவங்களுக்கான வாரியத்துலயும் பதிவா இருக்கணும். வயசு 18-ல இருந்து 60. பதிவு காலாவதியாகி இருந்தா புதுப்பிங்க. அந்த அட்டை பட்டியலுக்கு நல்ல ஆதாரம்.

மாசச் சம்பளக்காரங்களுக்குச் சம்பளம், படி, வேலை நேரம் மாறுதுன்னா 21 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும்னு தொழில் சட்டம் சொல்லுது. இடம் மாறுதுன்னு மட்டும் வாயால சொல்லிட்டு, ஷிப்டை ராத்திரிக்கு மாத்தறது தப்பு. 21,000 ரூபாய்க்குள்ள சம்பளம் இருந்தா இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு உண்டு. வீட்டுல இருந்து வேலைக்கு வர்ற வழியில விபத்து நடந்தாலும், வேலையோட தொடர்பு இருந்தா, வேலை விபத்தாவே கணக்கு. தூரம் கூடும்போது இது முக்கியம். இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியை வீட்டுக்குப் பக்கத்துல மாத்தி வெச்சுக்கங்க.

எல்லாம் பேசி முடிச்ச பிறகும், மாறறதுக்கு முன்னாடி ஒரே ஒரு லாரியை வெச்சு ஒத்திகை பாருங்க. வெயில் நாள்ல ஞாயித்துக்கிழமை வேண்டாம். வியாசர்பாடி பக்கம் கணேசபுரம் சப்வேல தண்ணி நிக்கற மாதிரி ஒரு மழை நாள், திங்கட்கிழமை. கையில ஒரு நோட்டு. லாரி உள்ள வந்த நேரம், கடைசி மூட்டை அட்டியில உக்காந்த நேரம், முதல் குட்டி யானை கிளம்பின நேரம், அது சௌகார்பேட்டையில இறக்கி முடிச்ச நேரம். இந்த நாலு நேரத்தையும் எழுதி, அதை வெச்சு நடை ரேட்டைப் பேசுங்க.