நாடு தொழிலாளியிடம் பட்ட கடன்

நேயர்களுக்கு வணக்கம்.

"பிறக்கிற குழந்தையின் தலையிலும் 13 லட்சம் ரூபா கடன்" என்று மேடைகளில் பேசக் கேட்டிருப்பீர்கள். 2023 முடிவில் இலங்கை மத்திய அரசாங்கத்தின் கடன் ஏறத்தாழ 28.7 டிரில்லியன் ரூபா, அதாவது 28 லட்சத்து 70 ஆயிரம் கோடி. அதை 2 கோடி 20 லட்சம் மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 13 லட்சம் வரும். வகுத்தது சரிதான். ஆனால் அந்தக் கணக்கு ஒரு பக்கத்தை மட்டுமே காட்டுகிறது. கடன் என்றால் வாங்கியவர் இருப்பதுபோல் கொடுத்தவரும் இருக்க வேண்டும். நம் நாட்டுக் கடனில் பாதிக்கு மேல் உள்நாட்டிலேயே வாங்கியது. அப்படிக் கொடுத்தவர்களில் மிகப் பெரிய ஒருவர் ஊழியர் சேமலாப நிதியம், அதாவது தொழிலாளியின் ஓய்வுக்காலத்துக்காக மாதாமாதம் பணம் சேர்க்கும் நிதியம். அந்த நிதியத்தின் பணம் ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவருடையது, கடையில் நிற்பவருடையது, தேயிலை மலையில் கொழுந்து பறிப்பவருடையது.

ஆகவே சாதாரணக் குடிமகன் நாட்டின் கடனைக் கட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. நாடு அவருக்குக் கட்ட வேண்டிய கடனை ஒழுங்காகக் கட்டியதா?

முதலில் சட்டத்தின் நிலை. அரசாங்கம் வாங்கிய கடனுக்காக எந்தக் குடிமகன் மீதும் எந்தக் கடன்காரரும் வழக்குப் போட முடியாது. 2022 ஜூனில், இலங்கையின் டொலர் கடன் பத்திரங்களை வைத்திருந்த ஹமில்டன் ரிசர்வ் வங்கி நியூயோர்க் நீதிமன்றத்துக்குப் போனபோது எதிராளியாகக் குறித்தது இலங்கை என்ற அரசைத்தான். அரசு தன் பொறுப்பைக் குடிமக்களிடம் மூன்று வழியாக வசூலிக்கிறது: வரி, விலையேற்றம், சேமிப்பு. வரியை நாம் கண்ணால் பார்க்கிறோம். மற்ற இரண்டையும் பலர் பார்ப்பதில்லை.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 சதவீதமாக இறக்கப்பட்டது. அடுத்த மாதம் முதல் சம்பளத்தில் கழிக்கும் வரி நின்றது. ஆண்டுக்கு 30 லட்சம் ரூபா வரை வருமானம் உள்ளவர் வரியே கட்ட வேண்டியதில்லை என்றானது. அதாவது மாதம் இரண்டரை லட்சம் வாங்குபவருக்கும் வரி இல்லை. அரசாங்க வருமானம் விழுந்தது. 2022இல் வசூலான வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வட்டிக்கே போனது. பிறகு அதே பெறுமதி சேர் வரி 12 ஆகி, 15 ஆகி, 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமாக நிற்கிறது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த எரிபொருளும் சமையல் எரிவாயுவும் அன்றுமுதல் வரிக்குள் வந்தன.

வரி விழும் பொருள்களுக்கு ஒரு குடும்பம் மாதம் 30,000 ரூபா செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீதத்தில் 2,400 ரூபா வரி. 18 சதவீதத்தில் 5,400. மாதம் 3,000 ரூபா கூடுதல், ஆண்டுக்கு 36,000. இப்போது மாதம் இரண்டரை லட்சம் சம்பளம் வாங்குபவரைப் பாருங்கள். 2023இல் அவர் கட்டிய மாத வருமான வரி 21,000 ரூபா. 2025 ஏப்ரலில் வரியில்லா எல்லை மாதம் ஒன்றரை லட்சமாக உயர்ந்ததும் அது 8,000 ஆகக் குறைந்தது. அவருக்கு அந்த நிவாரணம் தேவைப்பட்டிருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சவர்க்காரம் வாங்குபவருக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. நிவாரணம் யாருக்கு முதலில் வந்தது என்பதை இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன.

அடுத்தது விலையேற்றம். கடனைக் கட்டும் வழிகளில் இதைப்போல ஓசையில்லாமல் பிடுங்குவது வேறொன்றும் இல்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருள்களுக்கு மட்டும் 94.9. அந்த ஆண்டு டிசம்பரில் விலைகள் முந்தைய டிசம்பரைவிட 57.2 சதவீதம் உயர்ந்திருந்தன. அதே ஆண்டுக்கு ஊழியர் சேமலாப நிதியம் அங்கத்தவர்களுக்குக் கொடுத்த வட்டி 9 சதவீதம்.

கணக்குப் போடுவோம். 2022 தொடக்கத்தில் உங்கள் கணக்கில் 100 ரூபா. ஆண்டு முடிவில் வட்டியோடு 109. முன்பு 100 ரூபாவுக்கு வாங்கிய சாமானின் விலை இப்போது 157 ரூபா. 109ஐ 157ஆல் வகுத்தால், பழைய மதிப்பில் உங்களிடம் மிஞ்சியது ஏறத்தாழ 69 ரூபா. ஒரே ஆண்டில் 31 ரூபாவின் வாங்கும் சக்தி போய்விட்டது. பாராளுமன்றத்தில் இதற்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை, வர்த்தமானியும் வரவில்லை. மறுபக்கத்தில் அரசாங்கம் ரூபாவில் கட்ட வேண்டிய பழைய கடன்களின் உண்மை மதிப்பு அதே அளவில் கரைந்தது. தொழிலாளி இழந்தது அரசாங்கத்தின் கடன் ஏட்டில் நிம்மதியாக வந்து சேர்ந்தது.

இந்த அடி விழுந்தபிறகுதான் மூன்றாவது வழி திறந்தது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடன் திட்டத்தை அங்கீகரித்தது. அதன் இலக்குகளுக்குள் நிற்பதற்காக உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு ஒன்று, அதாவது உள்நாட்டில் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் விதத்தை மாற்றும் திட்டம் ஒன்று, வகுக்கப்பட்டு, 2023 ஜூலை 1இல் பாராளுமன்றம் அதை ஏற்றது.

திறைசேரி உண்டியல் என்பது ஓராண்டுக்குள் திருப்பிக் கட்டும் அரசாங்கக் கடன் பத்திரம், முறி என்பது நீண்டகாலக் கடன் பத்திரம். மத்திய வங்கி வைத்திருந்த திறைசேரி உண்டியல்கள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. தனியார் கையில் இருந்த திறைசேரி உண்டியல்கள் தொடப்படவில்லை. வங்கிகளின் திறைசேரி முறிகளும் தொடப்படவில்லை. ஓய்வூதிய நிதியங்களுக்கு மட்டும் ஒரு தெரிவு வைக்கப்பட்டது. கையில் உள்ள முறிகளைக் கொடுத்துப் புதிய முறிகளை வாங்கலாம். அவற்றுக்கு முதல் சில ஆண்டுகள் 12 சதவீத வட்டி, அதன் பிறகு முதிர்ச்சி வரை 9 சதவீதம். மாற்ற மறுத்தால், முறிகளில் வரும் வருமானத்துக்கு இதுவரை கட்டிய 14 சதவீத வரிக்குப் பதில் 30 சதவீதம் கட்ட வேண்டும். 100 ரூபா வட்டி வந்தால் 14க்குப் பதில் 30 ரூபா வரியாகப் போகும். இதைத் தெரிவு என்று சொல்வதற்கில்லை. ஊழியர் சேமலாப நிதியம் முறிகளை மாற்றிக்கொண்டது.

வங்கிகளை விட்டதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். அது வெறும் சாக்கு அல்ல. வங்கிகள் ஏற்கெனவே இலங்கையின் டொலர் முறிகளில் நட்டப்பட்டிருந்தன, கொடுத்த கடன்கள் திரும்பாமல் நின்றன. அந்த நேரத்தில் ரூபா முறிகளிலும் கை வைத்திருந்தால் வைப்பாளர்கள் வரிசையில் நின்று பணத்தை எடுக்கத் தொடங்கியிருப்பார்கள். ஒரு வங்கி சாய்ந்தால் அடுத்ததும் சாயும். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். பணவீக்கம் மத்திய வங்கியின் இலக்கான 5 சதவீதத்தோடு நின்றால் 9 சதவீதம் மோசமான வட்டி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நிதியத்தின் வட்டி 9 சதவீதத்துக்குக் குறையாது என்று அரசாங்கம் உறுதியும் கூறியது.

ஆனால் திறைசேரி உண்டியல் வைத்திருந்தவர்களை விட்டதற்கு அத்தகைய நியாயம் இல்லை. நெருக்கடியின் உச்சத்தில் 91 நாள் உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. கையில் பணம் இருந்தவர் அந்த வட்டியை எடுத்தார், அசலும் முழுதாகத் திரும்பியது. அதே அரசாங்கத்துக்கு 15, 20 ஆண்டுகளாக மாதாமாதம் கடன் கொடுத்துவந்த தொழிலாளியின் நிதியம் 9 சதவீதத்துக்கு இறங்க வேண்டியதாயிற்று. உண்டியல்காரர் அடுத்த ஏலத்துக்கு வராமல் போய்விடலாம் என்ற பயம் திறைசேரிக்கு இருந்தது. தொழிலாளி எங்கும் போக முடியாது. அவருடைய சம்பளத்தில் 8 சதவீதமும், அதற்கு மேல் முதலாளி கட்டும் 12 சதவீதமும் 1958ஆம் ஆண்டின் சட்டப்படி தானாகவே போய்ச் சேருகின்றன. அந்தப் பணத்தை முதலிடுவது மத்திய வங்கி. முதலீட்டு முடிவு எடுக்கும் மேசையில் அங்கத்தவர்கள் தெரிவுசெய்த ஒருவர்கூட இல்லை. சுமை எங்கே விழுந்தது என்பதை விளக்க எனக்கு இதைவிட நல்ல காரணம் தெரியவில்லை.

வெளிநாட்டு முறிகளின் நிலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 2019இல் விற்ற, 2030இல் முதிர்கிற டொலர் முறிக்கு இலங்கை ஒப்புக்கொண்ட வட்டி 7.55 சதவீதம். அதே காலத்தில் அமெரிக்க அரசின் 10 ஆண்டு முறிக்கு ஏறத்தாழ 2 சதவீதம். நடுவிலிருக்கும் ஐந்தரை சதவீதம் இந்த நாடு திருப்பிக் கட்டாமல் போகக்கூடும் என்ற ஆபத்துக்கான விலை. அந்த விலையை ஆண்டுதோறும் வாங்கியவர், ஆபத்து வந்தபோது முதல் நட்டத்தை ஏற்பதே முறை. மாறாக, 2022 ஜனவரி 18இல், எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் தேடிக்கொண்டிருந்த நாடு, 500 மில்லியன் டொலர் முறியை ஒரு சதமும் குறையாமல் கட்டியது. மூன்று மாதத்துக்குள் கையை விரித்தது. அந்தக் கொடுப்பனவை அன்றே நிறுத்திப் பேச்சுவார்த்தைக்குப் போயிருக்க வேண்டும் என்று பொருளியலாளர் பலர் அப்போதே சொன்னார்கள்.

ஊழியர் சேமலாப நிதியத்தின் மாற்றம் 2023 செப்டெம்பரில் முடிந்தது. வெளிநாட்டு முறிக்காரரோடு உடன்பாடு நடைமுறைக்கு வந்தது 2024 டிசம்பரில். அவர்கள் அசலில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த புதிய முறிகளில் ஒரு பகுதி நாட்டின் மொத்த உற்பத்தியோடு கட்டப்பட்டது. சர்வதேச நாணய நிதியம் எதிர்பார்த்ததைவிடப் பொருளாதாரம் வளர்ந்தால் அவர்களுக்குக் கொடுப்பது கூடும். அதைத் தீர்மானிக்க 2025 முதல் 2027 வரையான மூன்று ஆண்டுகளின் உற்பத்தியைப் பார்ப்பார்கள். அந்த வளர்ச்சியை உழைத்து உண்டாக்குபவரின் நிதியத்துக்கு இப்படியொரு நிபந்தனை எழுதப்படவில்லை.

மக்கள் தாமாக முன்வந்து கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1998இல் தென்கொரிய மக்கள் தாலிக்கு நிகரான மோதிரங்களைக்கூடக் கழற்றி 200 டன்னுக்கு மேல் தங்கம் சேர்த்தார்கள். அதன் மதிப்பு ஏறத்தாழ 2 பில்லியன் டொலர். அன்று அந்த நாட்டுக்கு உறுதியளிக்கப்பட்ட உதவி 58 பில்லியன். இத்தகைய கொடை ஒரு மக்களின் மனதை நிமிர்த்தும், கடன் ஏட்டை மூடாது. 2022 ஏப்ரலில் நமது மத்திய வங்கியும் வெளிநாடுகளில் வாழும் இலங்கையரிடம் நன்கொடை கேட்டது. கேட்டவுடன் திரும்பி வந்த கேள்வி, இதுவரை வாங்கியதை யார் எங்கே செலவழித்தார் என்பதுதான். அது நியாயமான கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஒரு பகுதி விடை நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் கொண்ட அமர்வு, நால்வரின் பெரும்பான்மையில், முன்னாள் ஜனாதிபதிகள் கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதியமைச்சர் பசில் ராஜபக்ஷ, முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ. டி. லக்ஷ்மன் உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக ஆளுக்கு 1,50,000 ரூபா கொடுக்கச் சொன்னது. பொருளாதாரம் சரிந்ததற்குப் பொறுப்பு யார் என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே பெயர் சொல்லிக் குறித்துவிட்டது. பணச்சுமை மட்டும் பெயரில்லாதவர்கள் மேல் நிற்கிறது. உலக வங்கியின் மதிப்பீட்டில் 2019இல் நூற்றுக்கு 11 பேராக இருந்த வறுமை, 2023இல் 25 பேரைத் தாண்டியது.

என் நிலைப்பாட்டைச் சொல்கிறேன். குடிமக்கள் வரி கட்டத்தான் வேண்டும். பாடசாலையும் ஆசுபத்திரியும் வரியில்லாமல் நடக்காது, கட்டாமல் விட்டால் நாளைக்கு யாரும் நமக்குக் கடன் தரமாட்டார்கள். ஆனால் சுமைக்கு ஒரு வரிசை உண்டு. ஆபத்துக்கு விலை வாங்கிக் கடன் கொடுத்தவர் முதலில். நெருக்கடி வட்டியில் இலாபம் கண்டவர் அடுத்து. வருமானம் கூடியவர் அதற்கடுத்து. முதுமைக்கென்று சேர்த்த பணத்தைத் தொடுவது கடைசியில். 2023இல் இந்த வரிசை தலைகீழானது.

இனி நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் சம்பளச் சீட்டையும் சேமலாப நிதியத்தின் கணக்குக் கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 50,000 ரூபா சம்பளத்துக்கு உங்களிடமிருந்து 4,000, முதலாளியிடமிருந்து 6,000, மாதம் 10,000 ஏறியிருக்க வேண்டும். இதைத் தவிர ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தன் பணத்தில் 1,500 கட்ட வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. ஒரு மாதத்தின் பங்களிப்பு அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் தாமதத்தின் அளவுக்கேற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் உண்டு. மாதம் விடுபட்டிருந்தால், சம்பளச் சீட்டின் பிரதியோடு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். தோட்டங்களில் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கே நிலுவை தேங்குவதுண்டு. அடையாள அட்டையிலும் நிதியத்தின் பதிவிலும் பெயர் வெவ்வேறாக இருந்தால் வேலையில் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்த ஓர் எழுத்துப் பிழைக்காக மாதக்கணக்கில் அலைய நேரும்.

உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடமும் தொழிற்சங்கத்திடமும் இரண்டு காரியங்களைக் கேளுங்கள். நிதியத்தின் முதலீட்டை முடிவுசெய்யும் இடத்தில் அங்கத்தவர்கள் தெரிவுசெய்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். 2028இல், வளர்ச்சி கூடியதென்று வெளிநாட்டு முறிக்காரரின் கொடுப்பனவை உயர்த்த நேர்ந்தால், அதே நாளில் அதே அளவுகோலால் சேமலாப நிதியத்தின் 9 சதவீதமும் உயர வேண்டும். இதற்கான சட்டத்திருத்தத்தை 2027ஆம் ஆண்டுக் கணக்கு முடிவதற்கு முன்னரே கொண்டுவர வேண்டும்.

வணக்கம்.