மொய் நோட்டுல "கூடை 1"

நடுவர் அய்யாவுக்கும், ரெண்டு அணி பேச்சாளருங்களுக்கும், மாரியம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிக்கும், பிள்ளைகளை மடியில போட்டுக்கிட்டு இன்னும் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்க எங்க சனத்துக்கும் வணக்கம். தலைப்பு தெரியும், மனசுல நிக்கிறது கடையில வாங்குன பரிசா, கையால செஞ்ச பரிசா. நான் கையால செஞ்ச பக்கம்.

எழுதிக்கிட்டு வந்தது நிறைய இருக்குங்கய்யா. ஆனா எதிரணித் தம்பி கடைசியா ஒன்னு சொல்லிட்டு கைத்தட்டு வாங்கிட்டுப் போயி உக்காந்தாரு பாருங்க, அதுக்கு பதில் சொல்லாம என்னால நகர முடியாது. என்ன சொன்னாரு? "ஒயர் கூடையையும் வடகத்தையும் நீட்டிட்டு அன்புங்கிறது, கஞ்சத்தனத்துக்குப் பூ வச்சு பொட்டு வச்சு அனுப்புற மாதிரி"ன்னாரு. பொம்பளைங்க பக்கமும் கொஞ்சம் பேரு சிரிச்சீங்க, நான் பாத்தேன்.

தம்பி, ஒயர் கூடைன்னு சொன்னீங்கல்ல, வாங்க, ஒயர் கூடையைப் பத்தியே பேசுவோம்.

எங்க அக்காவை பேராவூரணிப் பக்கம் கட்டிக் குடுத்தோம். அந்தப் பக்கம் மொய்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆடி மாசம் வந்துட்டா மொய் விருந்துக்கு பத்திரிகை அடிச்சு பந்தி போடுற ஊருங்க அதெல்லாம். கல்யாணத்துல வாசல்லயே மேசை போட்டு, ரெண்டு பேரு நோட்டு எழுத, ஒருத்தர் பணத்தை எண்ண. ஊரு பேரு, ஆளு பேரு, தொகை. அடுத்தவங்க வாங்க. வரிசை நகந்துக்கிட்டே இருக்கு. அந்த வரிசையில எங்க சின்னம்மா நிக்கிறாங்க. சித்தப்பா இல்லை, நடவு நட்டு களை எடுத்து பிள்ளைய வளத்தவங்க. கையில பச்சையும் வெள்ளையுமா ஒரு ஒயர் கூடை, சிவன் கண்ணுங்கிற பின்னல் போட்டது.

எழுதுறவரு தலையத் தூக்காம கேக்குறாரு, "ஊரு?" திருவையாத்துப் பக்கம் எங்க ஊரு பேரைச் சொன்னாங்க. "பேரு?" சொன்னாங்க. "எவ்வளவு?" 

"கூடை தம்பி."

அவரு இப்பத்தான் தலையத் தூக்குறாரு. "கூடை சரிங்க, தொகை எவ்வளவு?" 

"தொகை இல்ல தம்பி. கூடை."

பேனாவை நோட்டு மேல வச்சபடி அந்த ஆளு முழிக்கிறாரு. பணத்தை எண்ணுறவரைப் பாக்குறாரு, அவரு இவரைப் பாக்குறாரு. பின்னாடி வரிசை நிக்கிது, யாரோ "என்னப்பா அங்க, பந்திக்கு நேரமாகுது"ங்கிறாங்க. எங்க சின்னம்மா கொஞ்சம் கூட அசரல. கூடையை மேசை மேல வச்சு, "ரெண்டு கட்டு பச்சை, ஒரு கட்டு வெள்ளை, எங்க அக்கா மவளுக்கு நானே போட்டது, எழுதிக்க தம்பி"ன்னாங்க. வேற வழி இல்லாம அவரு எழுதுனாரு. ஐநூத்தி ஒன்னு, ஆயிரத்தி ஒன்னு, ரெண்டாயிரம், அதுக்குக் கீழ "கூடை 1".

சிரிங்க, நல்லா சிரிங்க. இப்ப எதிரணித் தம்பிகிட்ட ஒன்னு கேக்குறேன். நீங்க ஒயர் கூடை போட்டிருக்கீங்களா? ஒயரை அளந்து வெட்டி நடு முடிச்சு போட்டு அதோட அடுத்த முடிச்சைக் கோத்து முதல்ல அடி வரணும், அடி கோணுச்சுன்னா கூடை நிக்காது, அவுத்துட்டு மறுபடியும் போடணும், அப்பறம் நாலு பக்கமும் ஏத்தணும், சிவன் கண்ணுன்னா கலரை எண்ணி எண்ணிப் போடணும், ஒரு எடத்துல எண்ணம் தப்புனா பூவே விழாது. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்து இறுக்குறப்ப அந்த ஒயரு விரல் இடுக்குல வெட்டும். பகல் முழுக்க சேத்துல நின்னு நாத்து நட்ட விரலு அது, தண்ணியில ஊறிக் கெடக்குற விரலு. அந்த விரலால ராத்திரி சோறு வடிச்சு வச்சுட்டு தெருவிளக்கு வெளிச்சத்துல உக்காந்து முடிச்சு போட்டவங்களைப் பாத்து கஞ்சத்தனம்னு சொல்றதுக்கு உங்களுக்கு எப்படி தம்பி மனசு வந்துச்சு?

கஞ்சத்தனம்னா இருக்குறதைக் குடுக்காம இருக்குறது. எங்க சின்னம்மாகிட்ட இருந்தது பொழுது ஒன்னுதான், அதுவும் கொஞ்சூண்டு. அந்தப் பொழுதைத்தான் எங்க அக்காவுக்குக் குடுத்தாங்க.

கடையில தேடி வாங்குறதும் உழைப்புதானேன்னு இன்னொரு அம்மா பேசுனாங்க. உழைப்புதாங்க, நான் இல்லைன்னு சொல்லல. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு எல்லாம் நம்ம தஞ்சாவூர்ச் சீமை ஆளுங்க கையால செஞ்சு கடைக்கு வர்றதுதானேன்னும் கேட்டாங்க. வாங்குங்க, வாங்கிக் குடுங்க, அந்த சனத்துக்கு சோறு அது. ஆனா அந்த விளக்கை வாத்தவருக்கு அது யாரு வீட்டுல எரியப்போவுதுன்னு தெரியாது. எங்க சின்னம்மாவுக்குத் தெரியும். ஒவ்வொரு முடிச்சுக்கும் எங்க அக்கா மொகம்தான் கண்ணு முன்னாடி நின்னுருக்கும். நான் சொல்றது அவ்வளவுதான்.

கூடைக் கதை இன்னும் முடியல.

கொஞ்ச வருசம் கழிச்சு சின்னம்மா பேத்திக்கு காது குத்து. பத்திரிகை வந்துச்சு. எங்க அக்கா வீட்டுல வழக்கம்போல பழைய மொய் நோட்டைப் பிரிச்சு, நமக்கு என்ன செஞ்சாங்க, நாம எவ்வளவு திருப்பணும்னு விரலை வச்சுப் பாத்துக்கிட்டே வர்றாங்க. விரலு ஒரு எடத்துல நின்னுருச்சு. "கூடை 1." அக்கா மாமியா சொல்றாங்க, "பணமா இருந்தா மேல நூறு சேத்து வச்சுட்டு வந்துறலாம், கூடைக்கு என்னடி வைக்கிறது?"

கேட்டீங்களா? பணத்துக்குக் கணக்கு இருக்கு. ஐநூறுக்கு ஆறுநூறு, ஆயிரத்துக்கு ஆயிரத்தி ஐநூறு, வச்சுட்டா தீந்துச்சு, பேரை அடிச்சுறலாம். கூடைக்கு எதை வச்சுத் தீப்பீங்க?

எங்க அக்கா என்ன செஞ்சா தெரியுமா? தன்னோட நிச்சயதார்த்தப் பட்டுப்புடவை, முந்தி மட்டும் கிழிஞ்சது பொட்டியில கெடந்துச்சு. அதை எடுத்து நல்ல பக்கமா வெட்டி, அந்த சரிகைக் கரையே அடியில வர்ற மாதிரி பாவாடை, கைக்கும் அதே கரை வச்சு ஒரு சட்டை, அவளே மிஷின்ல உக்காந்து தைச்சா. பிள்ளை வளந்தா பிரிச்சு விட்டுக்கட்டும்னு உள்ள ரெண்டு மடிப்பு புடிச்சு வச்சா. கொண்டு போயி காது குத்துல நீட்டுறா. அங்கயும் ஒருத்தரு நோட்டோட உக்காந்திருக்காரு. "எவ்வளவும்மா?" 

"பாவாடை அண்ணே." 

அவரும் பேனாவைத் தூக்கிட்டு முழிக்கிறாரு. எங்க சின்னம்மா உள்ளேர்ந்து சத்தம் குடுக்குறாங்க, "பாவாடை ஒன்னுன்னு எழுதுய்யா, அவங்க வீட்டு நோட்டுலயும் அப்படித்தான் இருக்கு!"

மணி அடிச்சுட்டாங்க, ஒரு ரெண்டு நிமிசம் குடுங்கய்யா.

2018 நவம்பர் 16, விடியக்காலம். கஜா புயல். நம்ம சனத்துக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. வேதாரண்யம், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, பேராவூரணி, பிள்ளை மாதிரி வளத்த தென்னையெல்லாம் ஒரே ராத்திரியில படுத்துருச்சு. அக்கா வீட்டுத் தோப்பும் போச்சு. மேல போட்ட ஓடு போச்சு. கல்யாணத்துக்கு வந்த பீரோ, கட்டிலு, மெத்தை எல்லாம் நனைஞ்சு ஊறிக் கெடக்கு. மிக்சி கிரைண்டர் இருக்கு, கரண்டு இல்ல, வாரக்கணக்குல இல்ல. நிவாரணம் வந்துச்சு, எங்கெங்கேருந்தோ அரிசி வந்துச்சு, போர்வை வந்துச்சு, குடுத்த அத்தனை பேருக்கும் இன்னைக்கும் கையெடுத்துக் கும்பிடுறோம். எங்க அக்கா ஒரு சொட்டு கண்ணீரு விடல. கல்லு மாதிரி நின்னா. அழுடின்னாலும் அழல.

ரோட்டுல மரத்தை வெட்டி வழி விட்டதும் எங்க சின்னம்மா கெளம்பி வந்தாங்க. பாதி பஸ்ஸு, பாதி யாரோ ஒரு புள்ளை வண்டியில. மடியில ஒரு பொட்டலம். சித்திரை வெயில்ல போட்ட வடகம். சின்ன வெங்காயத்தை நறுக்கி, பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, வெந்தயம், சீரகம் போட்டு வெளக்கெண்ணெய் ஊத்திப் பிசைஞ்சு, பகல்ல காய வச்சு, ராத்திரி மறுபடியும் பிசைஞ்சு உருட்டி மூடி வச்சு, மறுநாளு திரும்பக் காய வச்சு, அப்படிப் பக்குவமா எடுத்து வச்சது. மூணு கல்லைக் கூட்டி, விழுந்த தென்னமட்டையை எரிச்சு, ஒரு குழம்பு வச்சாங்க. கடைசியில வடகத்தைக் கிள்ளி எண்ணெயில போட்டாங்க.

அந்த வாசனை வந்துச்சுங்க. எங்க அம்மா இருந்தப்ப எங்க வீட்டு அடுப்படியில வந்த வாசனை. எங்க அம்மாவும் சின்னம்மாவும் எங்க ஆயாகிட்ட ஒன்னா உக்காந்து கத்துக்கிட்ட கைப்பக்குவம் அது. தோப்பு போனப்ப அழாதவ, கூரை போனப்ப அழாதவ, அந்த வாசனைக்கு சின்னம்மா மடியில விழுந்து அழுதா. "அழுது தீத்துருடி, தென்னையை நட்டுக்கலாம்"னு தலையத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

எதிரணித் தம்பி, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. உங்க அம்மா முன்வரிசையிலதான் உக்காந்திருக்காங்க, உங்க பேச்சுக்கு சிரிச்சாங்க, என் பேச்சுக்கு முந்தானையால மொகத்தைத் தொடைக்கிறாங்க. அவங்க கையால உங்களுக்கு என்ன செஞ்சாங்கன்னு வீட்டுக்குப் போயி நீங்களே கேட்டுக்கங்க, மேடையில நான் கேக்கல.

தீர்ப்பு நடுவர் அய்யா கையில. எனக்கு இன்னொரு வேலை இருக்கு. எங்க சின்னம்மாவுக்கு இப்ப விரலு மடங்கல, முடிச்சை எனக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்க. ஒயர் கட்டு ஒரு பை நிறைய கொண்டாந்திருக்கேன், பச்சையும் இருக்கு, வெள்ளையும் இருக்கு. சிவன் கண்ணு கத்துக்கணும்னு நினைக்கிற பிள்ளைங்க கூட்டம் முடிஞ்சதும் மேடைக்குப் பின்னாடி வாங்க, அடி போடுறதுலேர்ந்து சொல்லித் தர்றேன். வணக்கம்.